பதினைந்து நாளும் பதினெட்டு ஆண்டும்: எல்தம் கொலை வழக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் கொல்லப்பட்டவர், குடும்பத்தார், நண்பர், சந்தேக நபர்கள், போலீசார் என யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. 1993-இல் லண்டனின் எல்தமில் கறுப்பின மாணவர் ஒருவரை வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்ற இந்த வழக்கு தெரியாதவர்கள் பிரிட்டனில் குறைவு. கொல்லப்பட்ட மாணவரின் பெயரில் ஆண்டுதோறும் ஏப்ரல் 22 நினைவு நாளாகவே அனுசரிக்கப்படுகிறது. பெயர்களை எடுத்துவிட்டால், எந்தக் கட்டத்தில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் கண்ணில் படும். எனக்கு வேண்டியது அதுதான். பொது விசாரணையை நடத்திய நீதிபதியின் பெயரை மட்டும் விட முடியாது, அறிக்கையே அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

பின்னணி

எல்தம், தென்கிழக்கு லண்டனில் கிரீனிச் நகராட்சிப் பகுதிக்குள் வரும் ஊர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே வெள்ளையர்களே பெரும்பான்மை. சில மைல் தள்ளி வெல்லிங் என்ற இடத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி ஒரு புத்தகக் கடை நடத்திவந்தது. 1991 பிப்ரவரியில் பக்கத்துத் தேம்ஸ்மீடில் ஒரு கறுப்பினச் சிறுவன் குத்திக் கொல்லப்பட்டான். 1992 ஜூலையில் எல்தமிலேயே தெற்காசியச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில், வெள்ளை இளைஞர் கும்பலிடம் அடிபட்டு ஈழத்தமிழ் அகதி ஒருவர் 1992 தொடக்கத்தில் இறந்துபோனதை அங்குள்ள நம்மவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆக, 1993-இல் நடந்ததை எதிர்பாராத விபரீதம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

மாணவருக்கு வயது 18. பெற்றோர் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர்கள். மூன்று பிள்ளைகளில் இவர் மூத்தவர். பள்ளி மேல்நிலைப் படிப்பில் இருந்தார், கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்பது ஆசை. தடகள கிளப் ஒன்றுக்காக ஓடியவர். எந்தக் கும்பலோடும் தொடர்பு கிடையாது, போலீஸ் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொலைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் போலீசார் கேட்ட கேள்விகளில் இதற்கு நேர்மாறான ஊகம் ஒளிந்திருந்தது.

அன்று இரவு

1993 ஏப்ரல் 22, வியாழக்கிழமை. மாமா வீட்டில் வீடியோ கேம் விளையாடிவிட்டு மாணவரும் நண்பரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரவு பத்தரை மணியளவில் வெல் ஹால் சாலை பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பஸ் வருகிறதா என்று பார்க்க மாணவர் சாலை முனை வரை கொஞ்சம் நடந்து போனார். "பஸ் தெரியுதா?" என்று நண்பர் இங்கிருந்து குரல் கொடுத்தார். எதிர்ப்புறம் வந்துகொண்டிருந்த ஐந்தாறு வெள்ளை இளைஞர்களில் ஒருவன் அதைக் கேட்டு, கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லால் பதில் கத்தினான். அடுத்த கணம் மொத்தக் கும்பலும் சாலையைக் கடந்து மாணவரைச் சூழ்ந்துகொண்டது.

தாக்குதல் நடந்தது சில விநாடிகள்தான். இரண்டு கத்திக்குத்து. ஒன்று வலது காறை எலும்புப் பக்கம், மற்றொன்று இடது தோளில். இரண்டுமே முக்கிய ரத்தக் குழாய்களை அறுத்துவிட்டன. "ஓடு" என்று நண்பர் கத்த, மாணவர் எழுந்து ஓடினார். சுமார் 130 கஜம் ஓடி, நடைபாதையில் விழுந்தார். அந்தக் காயங்களோடு அவ்வளவு தூரம் ஓடியதே ஆச்சரியம், அவருடைய உடற்கட்டுதான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பிறகு சொன்னார். பஸ் ஸ்டாப்பில் இருந்த மூன்று பேர் தாக்குதலைப் பார்த்தார்கள். ஆனால் முகங்களை அடையாளம் சொல்ல அவர்களால் முடியவில்லை. இந்த ஒரு விஷயம் பின்னால் வழக்கின் தலையெழுத்தையே தீர்மானித்தது.

முதலில் உதவிக்கு வந்தவர்களில் ஒரு தம்பதி. தேவாலயத்தில் ஜெபக் கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் பின்னாளில் விசாரணையில் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொன்னார்: இரண்டு கறுப்பு இளைஞர்கள் ஓடிவருவதைப் பார்த்ததும், வழிப்பறி ஏதோ நடக்கப் போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் ஒருவர் விழுந்ததைப் பார்த்து இருவரும் போய்க் குனிந்தார்கள். மனைவி மாணவரின் காதருகே, "உன்மேல் அன்பு வைத்தவர்கள் இருக்கிறார்கள்" என்ற பொருளில் பேசினார். சாகும் தறுவாயிலும் காது கேட்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். வீட்டுக்குப் போனபின் கணவர் கையிலிருந்த ரத்தத்தை ஒரு பாத்திரத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைத் தோட்டத்து ரோஜாச் செடியின் அடியில் ஊற்றினாராம். முதல் நினைப்பு சந்தேகமாக இருந்தும், கால் அந்த இடத்தில் நின்றுவிட்டது. போலீஸ் தரப்பில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

போலீசார் வந்தார்கள். ஆனால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவோ, அதை அடக்கவோ அவர்களில் யாரும் முறையாக முயலவில்லை. முதலுதவி செய்திருந்தாலும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்பது மருத்துவக் கருத்து. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நின்றவர்களுக்கு அது தெரியாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. உயிர் இல்லை.

நண்பரின் நிலை வேறு விதம். கண்ணெதிரே நண்பன் குத்துப்பட்டதைப் பார்த்த பதினெட்டு வயதுப் பையன் பதறிக் கத்திக்கொண்டிருந்தார். போலீசார் அதை முரட்டுத்தனமாகத்தான் பார்த்தார்கள். அவர்கள் தன்னைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்கள், சொன்னதை நம்பவில்லை என்று அவர் பின்னால் சாட்சியம் அளித்தார். அவரும் அந்தத் தாக்குதலுக்கு இலக்கானவர்தான், அந்த முறையில் யாரும் அவரை நடத்தவில்லை என்று பொது விசாரணை பின்னர் தீர்மானித்தது. கும்பல் ஓடிய திசையை அவர் காட்டியும் அன்றிரவு ஒழுங்கான தேடுதல் நடக்கவில்லை. மூத்த அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், யார் பொறுப்பு என்பது தெளிவாகவில்லை. யார் எந்தத் தெருவில் தேடினார்கள் என்ற பதிவும் கிடையாது.

முதல் பதினைந்து நாள்

என் பார்வையில் வழக்கு தோற்றது இங்கேதான். நீதிமன்றத்தில் தோற்றது அதன் விளைவு.

பொதுவாக இப்படிப்பட்ட கொலைகளில் ஊர் வாய் திறக்காது என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்தது. மறுநாள் மாலையே ஒருவர் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து பெயர்களைச் சொன்னார். தொலைபேசிக் கூண்டில் ஒரு கடிதம் கிடந்தது, ரோந்து வண்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு இருந்தது. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப அதே பெயர்கள். இவர்கள் ஏற்கெனவே கத்திக்குத்துச் சம்பவங்களில் பேசப்பட்டவர்கள். மூன்று நாளுக்குள் சந்தேக நபர்களில் பெரும்பாலோர் யார், வீடு எங்கே என்பதெல்லாம் போலீசுக்குத் தெரியும்.

கைது செய்யவில்லை. இன்னும் ஆதாரம் சேரட்டும் என்று மூத்த அதிகாரிகள் காத்திருந்தார்கள். இந்த முடிவுக்கான காரணம் ஒழுங்காக எழுதியும் வைக்கப்படவில்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பொது விசாரணையில் புலனாய்வுத் தலைவர் ஒன்றை ஒப்புக்கொண்டார்: நியாயமான சந்தேகம் இருந்தாலே கைது செய்யலாம் என்ற அடிப்படைச் சட்டத்தையே அவர் தவறாகப் புரிந்துவைத்திருந்தார். ஒரு கொலை வழக்கை நடத்தும் சூப்பரின்டென்டென்ட்! இதை முதன்முறை படித்தபோது அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தேன்.

கைதுக்குப் பதிலாகக் கண்காணிப்பு வைத்தார்கள். ஏப்ரல் 26 அன்று புகைப்படக்காரர் ஒருவர் சந்தேக நபர்களின் வீட்டுக்கு எதிரே ஒளிந்திருந்தார். உள்ளிருந்து ஒருவன் கறுப்புக் குப்பைப் பையில் துணி போன்ற எதையோ எடுத்துக்கொண்டு வெளியே போனதை அவர் பார்த்தார். தகவல் சொல்ல அவரிடம் மொபைல் போன் இல்லை. இடத்தை விட்டு எழுந்து போகவும் முடியாது. பை போயே போய்விட்டது.

இதே நாட்களில் குடும்பத்துக்கு என்ன நடந்தது? ஆறுதலுக்காக அனுப்பப்பட்ட அதிகாரிகள், மகனிடம் இருந்த கையுறை பற்றியும் கம்பளித் தொப்பி பற்றியும் கேட்டார்கள். திருடப் போனவன் என்று சொல்ல வருகிறார்களோ என்று தாய்க்குப் பட்டது. ஊர்க்காரர்கள் வந்து சொன்ன பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மூத்த அதிகாரி ஒருவரிடம் கொடுத்தார். பேசிக்கொண்டே அந்தத் தாளை அதிகாரி மடித்து மடித்துச் சின்னதாக்கியதைத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரமாக வைக்கத்தான் மடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். குப்பையில் போடத்தான் என்று தாய் நினைத்தாரே, அந்த நினைப்பு அந்த அறையில் எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மே 6 அன்று, லண்டனுக்கு வந்திருந்த நெல்சன் மண்டேலா பெற்றோரைச் சந்தித்தார். மறுநாள், மே 7, முதல் கைதுகள் நடந்தன. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது போலீஸ் தரப்பு வாதம். சோதனையில் சில துணிகள் கைப்பற்றப்பட்டன. அதில் ஒன்று சாம்பல் நிற ஜாக்கெட். அன்றைய ஆய்வில் அதில் எதுவும் தெரியவில்லை. பையில் போட்டு முத்திரை வைத்து அலமாரிக்குப் போனது.

வழக்கு கைவிடப்படுகிறது

அடையாள அணிவகுப்பில் நண்பர் இருவரைக் காட்டினார். அவர்கள்மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. ஆனால் அணிவகுப்புக்குப் பின் நண்பர் வேறு மாதிரிப் பேசினார், பிறர் சொல்லிக் கேட்டதைக் கலந்து சொல்கிறார் என்று ஒரு காவலர் எழுதிவைத்தார். நண்பர் அதை மறுத்தார். 1993 ஜூலை 29 அன்று, போதிய ஆதாரமில்லை என்று அரசு வழக்குத் தொடரும் துறை குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது.

ஒற்றைச் சாட்சியின் கண்ணை மட்டும் நம்பிய வழக்கு என்பதால், அந்த நேரத்தில் கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு தப்பில்லை. கையில் ஏன் அவ்வளவுதான் இருந்தது என்பது வேறு கேள்வி. போலீஸ் துறை உள்ளுக்குள் ஒரு மறு ஆய்வு நடத்தி, புலனாய்வு திருப்திகரமாகவே நடந்திருக்கிறது என்று முடித்தது. அந்த அறிக்கை அடுத்த சில ஆண்டுகளுக்குத் துறையின் கேடயமாக இருந்தது.

வேறொன்றும் நடந்தது. அதே நண்பர்மீது, அந்த மே மாத ஆர்ப்பாட்டம் ஒன்றில் பொருட்சேதம் செய்தார் என்று பல மாதம் கழித்து வழக்குப் போட்டார்கள். நீதிபதி அதை நிறுத்திவிட்டார். கொலை வழக்கின் ஒரே அடையாளச் சாட்சியை இப்படி நடத்தினால் கூண்டில் அவர் எந்த நிலையில் வந்து நிற்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

குடும்பம் எடுத்த முடிவு

அரசு கைவிட்ட வழக்கைத் தாங்களே நடத்துவது என்று பெற்றோர் தீர்மானித்தார்கள். இங்கிலாந்தில் தனியார் கொலை வழக்கு மிக அபூர்வம். வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் வந்தார்கள். இதற்கிடையில் 1994 டிசம்பரில் போலீசார் சந்தேக நபர் ஒருவரின் வீட்டில் ரகசிய கேமரா வைத்திருந்தார்கள். கத்தியைச் சுழற்றிக் காட்டுவதும், கறுப்பர்களை எப்படியெல்லாம் கொல்ல வேண்டும் என்று பேசுவதும் அதில் பதிவாகின. மனநிலைக்கு அது சாட்சி. கொலைக்கு அல்ல.

பெற்றோர் வழக்குப் போட்ட சந்தேக நபர்கள் ஐந்து பேரில் இருவர் மாஜிஸ்திரேட் கட்டத்திலேயே விடுவிக்கப்பட்டார்கள். மூவர்மீது மட்டும் 1996 ஏப்ரலில் லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் விசாரணை தொடங்கியது. நண்பரின் அடையாளச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று நீதிபதி ஒதுக்கினார். அதை எடுத்துவிட்டால் வழக்கில் ஒன்றும் மிச்சமில்லை. நீதிபதியின் அறிவுறுத்தல்படி ஜூரி மூவரையும் விடுதலை செய்தது.

இதன் பொருள் என்ன? ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தில் பல நூற்றாண்டு வழக்கம். இந்திய அரசமைப்பின் 20(2)-ஆம் பிரிவுக்கு வேரும் அந்த மரபுதான். மூவரும் இனி வெளியே வந்து "நான்தான் செய்தேன்" என்று சொன்னாலும் கொலைக்காக அவர்களைத் தொட முடியாது. குடும்பம் தட்டிய கதவு குடும்பத்தின் முகத்திலேயே பூட்டிக்கொண்டது.

தனியார் வழக்கு தவறான முடிவா? அப்போதே அவசரம் என்று சொன்னவர்கள் உண்டு. சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் நடந்தது. ஆனால் அரசும் போலீசும் வழக்கை மூடிய பிறகு அந்தப் பெற்றோருக்கு வேறு எந்த வழி திறந்திருந்தது என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரண விசாரணையும் பொது விசாரணையும்

1997 பிப்ரவரியில் மரண விசாரணை நடந்தது. சாவு எப்படி நேர்ந்தது என்பதை மட்டும் முடிவு செய்வது அது, யாரையும் தண்டிப்பது அல்ல. ஐந்து பேரும் கூண்டில் ஏறி, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுத்தார்கள். ஜூரி அரை மணி நேரத்தில் முடிவு சொன்னது: ஐந்து வெள்ளை இளைஞர்கள், எந்தத் தூண்டுதலும் இல்லாமல், இனவெறியால் செய்த சட்டவிரோதக் கொலை. மறுநாள் ஒரு தேசிய நாளிதழ் ஐவரின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டு, கொலைகாரர்கள் என்று எழுதி, தவறென்றால் எங்கள்மேல் வழக்குப் போடட்டும் என்று சவால் விட்டது. ஒருவரும் போடவில்லை.

அந்த ஆண்டு ஆட்சி மாறியது. புதிய உள்துறை அமைச்சர் ஜூலையில் பொது விசாரணைக்கு உத்தரவிட்டார். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சர் வில்லியம் மேக்பர்சன் தலைவர். அவர் நியமிக்கப்பட்டபோது குடும்பத் தரப்புக்கு அவர்மீது நம்பிக்கை இல்லை. அறிக்கை வந்தபோது அதிர்ந்தது போலீஸ் தரப்பு.

1999 பிப்ரவரி 24 அன்று வெளியான அந்த அறிக்கையில் 70 பரிந்துரைகள். தொழில் திறமையின்மை, நிறுவனமயமான இனவெறி, தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களின் தோல்வி ஆகிய மூன்றும் சேர்ந்து புலனாய்வைக் கெடுத்தன என்றது. நடுச் சொல்லைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஒவ்வொரு போலீஸ்காரரும் இனவெறியர் என்று மேக்பர்சன் சொல்லவில்லை. நிறம், பண்பாடு, இனம் காரணமாக ஒரு சாராருக்குக் கிடைக்க வேண்டிய முறையான சேவையை ஒரு நிறுவனம் கூட்டாகத் தரத் தவறுவது, அது வெளிப்படையான வெறுப்பில் மட்டுமல்ல, யோசிக்காத முன்முடிவிலும் அறியாமையிலும் இருக்கலாம் என்பதுதான் அவர் சொன்னது. யாரும் வசைச்சொல் பேசாமலேயே ஒரு வழக்கைக் கெடுக்க முடியும் என்று அதிகாரபூர்வமாக எழுதப்பட்டது அப்போதுதான்.

அறிக்கை வெளியான கையோடு, மாணவர் விழுந்த இடத்திலிருந்த நினைவுக் கல்லில் யாரோ வெள்ளைப் பெயின்ட்டை ஊற்றினார்கள். சரி, அங்கே கண்காணிப்பு கேமரா இருக்கிறதே என்று பார்த்தால், அது வெறும் பொம்மை.

சட்டம் மாறுகிறது

பரிந்துரைகளில் இரண்டு நேரடியாக நடைமுறையை மாற்றின. முதலாவது, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறிச் சம்பவம் என்று கருதினாலே போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்பது. அதிகாரிக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்ற அவசியம் போய்விட்டது. இரண்டாவது, 38-ஆவது பரிந்துரை: விடுதலையானவர்மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மறுவிசாரணைக்கு வழி வேண்டும்.

இரண்டாவதை எளிதாக ஏற்கவில்லை, ஏற்கக் கூடாதும்தான். அரசுக்குப் பிடிக்காதவரை ஜெயிக்கும் வரை திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றாமல் காப்பது அந்தப் பழைய விதிதான். சட்ட ஆணையம் ஆராய்ந்தது, நாடாளுமன்றம் விவாதித்தது. 2003-ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டம் நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது: கொலை போன்ற கடும் குற்றங்களுக்கு மட்டும், புதிய வலுவான ஆதாரம் இருந்தால் மட்டும், மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தால் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. 2005-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய விடுதலைகளுக்கும் பொருந்தும். இதன்கீழ் முதல் தண்டனை 2006-இல் வேறொரு கொலை வழக்கில் கிடைத்தது. அங்கேயும் பல ஆண்டு போராடியது ஒரு தாய்தான்.

அலமாரியிலிருந்த ஜாக்கெட்

2007 வாக்கில் தனியார் தடயவியல் ஆய்வகம் ஒன்றிடம் பழைய சான்றுப் பொருட்கள் அனைத்தும் புதிதாக ஆராயக் கொடுக்கப்பட்டன. 1993 மே 7 அன்று எடுத்த அதே சாம்பல் ஜாக்கெட்டின் கழுத்துப் பகுதியில், நுண்ணோக்கியில் ஒரு புள்ளி தெரிந்தது. அளவு 0.5 மில்லிமீட்டருக்கு 0.25 மில்லிமீட்டர். கடுகில் பாதிகூடக் கிடையாது. ரத்தம். டி.என்.ஏ. மாணவருடையது, வேறொருவருடையதாக இருக்க வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஜாக்கெட்டிலும் பையிலும் மாணவரின் துணி இழைகள். இன்னொரு சந்தேக நபரின் ஜீன்ஸில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் முடித்துண்டுகள்.

2011 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜாக்கெட்காரரின் 1996 விடுதலையை ரத்து செய்தது. ஜீன்ஸ்காரருக்கு அது தேவைப்படவில்லை, அவர் 1995-இல் மாஜிஸ்திரேட் கட்டத்திலேயே வெளியே வந்தவர், ஜூரி முன் நின்றதே இல்லை. அன்று வழக்கு அவர் விஷயத்தில் அரைகுறையாகத் தோற்றதே குடும்பத்துக்கு இப்போது உதவியது.

நவம்பரில் ஓல்ட் பெய்லியில் விசாரணை தொடங்கியது. வாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: அந்த ரத்தம் கொலை நடந்த இரவில் பட்டதா, இல்லை பதினெட்டு ஆண்டில் பைகள் கைமாறியபோது ஒட்டியதா? காய்ந்த ரத்தத் துகள் ஆய்வகத் திரவத்தில் கரைந்து துணியில் இறங்கியிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. நூலிழைக்குள் ஊறியிருக்கிறது, ஈர ரத்தமாகப் பட்டால்தான் இப்படி ஊறும் என்றது அரசுத் தரப்பு, சோதனைகள் செய்து காட்டியது. ஒவ்வொரு பையும் எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது என்று ஜூரி கேட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு தேடுதல் பதிவே எழுதாத அதே துறையின் சான்றுப் பொருள் ஆவணங்கள்தான், கடைசியில் வழக்கைத் தாங்கிப் பிடித்தன.

2012 ஜனவரி 3: இருவரும் குற்றவாளிகள். மறுநாள் தண்டனை. கொலை நடந்தபோது இருவருக்கும் பதினெட்டு ஆகவில்லை என்பதால் இளவர்களுக்கான அளவுகோலே பொருந்தியது. ஆயுள் தண்டனையில் குறைந்தபட்சம் ஒருவருக்கு 15 ஆண்டு 2 மாதம், மற்றவருக்கு 14 ஆண்டு 3 மாதம். நாற்பதை நெருங்கும் ஆட்களுக்குச் சிறுவர் கணக்கா என்று கேட்டவர்கள் பலர். சட்டம் குற்றம் நடந்த நாளின் வயதைத்தான் பார்க்கும், அது சரியும்கூட.

அதற்குப் பிறகு

2014-இல் வந்த ஒரு சுயாதீன ஆய்வு, மேக்பர்சன் விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே குடும்பத்தைச் சுற்றியிருந்தவர்கள் நடுவில் ரகசிய போலீஸ்காரர் ஒருவர் இருந்து தகவல் அனுப்பியதை வெளிக்கொண்டுவந்தது. முதல் புலனாய்வில் இருந்த ஒரு காவலர்மீது ஊழல் சந்தேகத்துக்கு நியாயமான அடிப்படை இருப்பதாகவும் சொன்னது. ரகசிய போலீஸ் நடவடிக்கைகள் பற்றித் தனிப் பொது விசாரணை அமைந்தது இதன் விளைவு.

2020 ஆகஸ்ட்டில் புலனாய்வு செயலற்ற நிலைக்குப் போவதாக போலீஸ் அறிவித்தது. 2023-இல் பி.பி.சி. ஆறாவது சந்தேக நபரை வெளிப்படுத்தியது. அவர் 2021-இலேயே இறந்திருந்தார். அவரைப் பற்றி உறவினர் வழியாக 1993-இல் வந்த தகவலைச் சரியாகப் பின்தொடரவில்லை என்று போலீஸ் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு ஜூலையில், முதல் புலனாய்வை நடத்திய நான்கு ஓய்வுபெற்ற அதிகாரிகள்மீது வழக்கு இல்லை என்று முடிவானது.

என்ன மாற வேண்டியிருந்தது

சட்ட மாற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடச் சின்ன விஷயங்களே உறுத்துகின்றன. ஏப்ரல் 26 காலையில் கைது செய்து, வீடுகளைச் சோதனை போட்டிருந்தால், அந்தக் கறுப்புப் பையில் போனது உட்பட நான்கே நாள் பழைய துணிகள் கைக்கு வந்திருக்கும். பதினைந்து நாள் கழித்து எடுத்த ஜாக்கெட்டிலேயே ஒரு புள்ளி மிஞ்சியிருந்தது என்றால், நான்காம் நாள் எடுத்திருந்தால் கண்ணுக்கே தெரிகிற கறை இருந்திருக்கலாம். நண்பரின் கண்சாட்சியை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலையே வந்திருக்காது.

குடும்பத்தோடு தொடர்பு வைக்கும் அதிகாரி என்பது இன்று பயிற்சி பெற்ற தனிப் பணி. புலனாய்வின் ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் காரணம் எழுதிவைப்பது கட்டாயம். முதலுதவிப் பயிற்சியும் மேம்பட்டது. இவை இந்த வழக்கால் வந்தவை. ஆனால் 2023 மார்ச்சில் லண்டன் போலீஸ் பற்றி வந்த கேசி ஆய்வு, நிறுவனமயமான இனவெறி என்ற அதே சொல்லை மறுபடி பயன்படுத்தியது. போலீஸ் ஆணையர் குறைகளை ஒப்புக்கொண்டார், அந்தச் சொல்லை மட்டும் தான் பயன்படுத்த மாட்டேன் என்றார்.

அன்று ஊர் வாய் திறந்து சொன்ன பெயர்களில் இருவருடையது மட்டும்தான் இதுவரை தீர்ப்பில் ஏறியிருக்கிறது.